வேல்ஸ் கடலோரம் ஓட எந்த ஊர்? நான்கு பாதைகளும் ஒரு கச்சான் காற்றும்

லண்டனிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தாள். "அக்கா, நீண்ட வார இறுதிக்கு வேல்ஸ் முருகன் கோவிலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அக்டோபரில் எனக்கு ஹாஃப் மராத்தான். அந்த வாரம் 16 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று அட்டவணையில் இருக்கிறது. கடலோரமாக ஓட எங்கே போகலாம்? லான்டிட்னோ படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது."

நம்மவர்கள் வேல்ஸ் முருகன் கோவில் என்று சொல்லும் ஸ்கந்தவேல், இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1973இல் தொடங்கியது. இருப்பது தென்மேற்கு வேல்ஸில், கார்மார்த்தனுக்கு வடக்கே லான்பும்சைன்ட் என்ற சின்னக் கிராமத்தில். லான்டிட்னோ இருப்பதோ வடக்குக் கரையில். வரைபடத்தில் ஒரு சாண்தான். ஆனால் நடுவில் முழுக்க மலை, வளைந்து வளைந்து போகும் ஒற்றைச் சாலை, முன்னால் ஒரு டிராக்டர் வந்துவிட்டால் அன்றைய பொழுது போச்சு. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு 16 கிலோமீட்டர் ஓடினால் கால் சும்மா விடாது.

அவளுக்கு மட்டும் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் இதே கேள்வி வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மான்செஸ்டரில் இருக்கும் ஒருவர், கார்டிஃபுக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், மகனை அபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு "அங்கே வரும்போதெல்லாம் ஓட இடம் உண்டா" என்று கேட்ட ஒரு அப்பா. அதனால் நான் பல தடவை ஓடிய நான்கு பாதைகளை எடுத்துக்கொள்கிறேன்: ஸ்வான்சீயிலிருந்து மம்பிள்ஸ், லான்டிட்னோ, அபரிஸ்ட்வித், கார்டிஃப் விரிகுடாவோடு பெனார்த். பாரி தீவும் போர்த்கோலும் நல்ல இடங்கள்தான், ஆனால் நீண்ட ஓட்டத்துக்குத் துண்டு துண்டாக இருக்கும், விட்டுவிட்டேன்.

## எதை வைத்து அளக்கிறேன்

முதலில் ஒன்று: காட்சியை வைத்து நான் மதிப்பெண் போடவில்லை. நான்குமே அழகு. அழகில்லாத கடற்கரையை வேல்ஸில் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதுவுமில்லாமல், மூச்சு வாங்க ஓடுகிறவள் கண்ணுக்குப் பத்தடிக்கு முன்னால் இருக்கும் தரைதான் தெரியும்.

என் முதல் அளவுகோல் காற்று. இந்தக் கரையில் பெரும்பாலான நாள் காற்று தென்மேற்கிலிருந்து வருகிறது. நம் கரையோர மக்கள் கச்சான் என்று சொல்லும் அதே திசை. அயர்லாந்துக்குத் தெற்கே திறந்த அட்லாண்டிக்கைக் கடந்து வரும் அந்தக் காற்றை மறித்துக்கொள்ள ஒரு மரம்கூட ப்ராமில் இருக்காது (கடற்கரை நடைபாதையை இங்கே எல்லோரும் ப்ராம் என்றுதான் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்). எதிர்காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு அரை நிமிடம் தாமதமாவது எனக்குச் சாதாரணம். காற்று முதலில் எதிரே வந்து திரும்பும்போது முதுகில் தள்ள வேண்டும். அது தலைகீழானால், போகும்போது நன்றாக வியர்த்து, திரும்பும்போது அந்த ஈரச் சட்டையோடு எதிர்காற்றில் மாட்டிக்கொள்வீர்கள். ஜூலையிலேயே பல் தந்தியடிக்கும்.

அடுத்தது, சாலையைக் கடக்காமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது. பிறகு தரையும் ஏற்றமும். அப்புறம் கூட்டம், அதாவது சைக்கிள், நீளக் கயிற்றில் கட்டிய நாய், ஐஸ்கிரீம் வரிசை. கழிப்பறை (பெண்கள் யாரும் இதை எழுதுவதில்லை, ஆனால் எல்லோரும் கேட்கிறோம்). டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் வெளிச்சம். கடைசியாக, நாம் ஓடி முடிக்கும் வரை கூட வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்பது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு இந்தக் கடைசிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| பாதை | நீளம் | ஏற்றம் | கச்சான் அடித்தால் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| ஸ்வான்சீ–மம்பிள்ஸ் | ஒருவழி சுமார் 8 கி.மீ. | இல்லை என்றே சொல்லலாம் | போகும்போது எதிரே, வரும்போது முதுகில் | சைக்கிள்கள், பாதையில் மணல் |
| லான்டிட்னோ | ப்ராம் சுமார் 3 கி.மீ.; கிரேட் ஓர்ம் குன்றைச் சுற்றினால் தனியாக சுமார் 9 கி.மீ. | ப்ராமில் இல்லை, ஓர்மில் நிறைய | ப்ராமில் ஒதுக்கம், ஓர்மின் மேற்கில் நேரே முகத்தில் | பயண நேரம், தங்கும் செலவு |
| அபரிஸ்ட்வித் | ஒருவழி 2 கி.மீ.க்குச் சற்று மேல் | ப்ராமில் இல்லை, வடக்கு முனையில் மலை | ஒதுங்க இடமே இல்லை | திரும்பத் திரும்ப அதே பாதை, புயலில் மூடல் |
| கார்டிஃப் விரிகுடா–பெனார்த் | சுற்று 10 கி.மீ. | சுற்றில் இல்லை, பெனார்த் போனால் உண்டு | அணைமேல் மட்டும் | தூக்குப் பாலங்கள், பெனார்த் மேடு |

## ஸ்வான்சீயிலிருந்து மம்பிள்ஸ்

நீண்ட ஓட்டம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஸ்வான்சீ மரீனா படகுத்துறையில் தொடங்கி விரிகுடாவின் வளைவை ஒட்டியே போய் மம்பிள்ஸ் இறங்குபாலத்தில் (கடலுக்குள் நீளும் பியர்) முடிகிறது. தார் போட்ட தரை, மேடு பள்ளம் கிடையாது. இவ்வளவு சமமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: இதில் பெரும்பகுதி ஒரு பழைய ரயில் போன தடம். 1807இல் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிச் சென்றது ஸ்வான்சீ–மம்பிள்ஸ் ரயில். உலகிலேயே கட்டணம் கொடுத்து ஏறிய பயணிகளுக்கான முதல் ரயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். முதலில் குதிரை இழுத்தது, பிறகு நீராவி, 1929இல் மின்சாரம், 1960 ஜனவரியில் மூடிவிட்டார்கள். எனக்கு இதில் பிடித்த துணுக்கு வேறு. தொடக்க காலத்தில் ஒரு தடவை வண்டிக்குப் பாய் கட்டிக் காற்றாலேயே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மம்பிள்ஸில் திரும்பி ஸ்வான்சீயைப் பார்த்து ஓடும்போது, முதுகில் கச்சான் ஏறி உட்கார்ந்துகொண்டு தள்ளும்போது, அந்த யோசனை யாருக்கு ஏன் வந்தது என்று நன்றாகப் புரியும்.

இதுதான் இந்தப் பாதையின் உண்மையான பலம். ஊர் முனையிலிருந்து கிளம்பினால் மம்பிள்ஸ் தென்மேற்கில் இருக்கிறது, ஆக சாதாரண நாளில் எதிர்காற்று முதல் பாதியில் தீர்ந்துவிடும். களைப்பு வரும் 12, 13ஆவது கிலோமீட்டரில் காற்று நம் கட்சிக்கு மாறியிருக்கும். மம்பிள்ஸில் கார் நிறுத்த வசதி என்று அங்கிருந்து தொடங்குகிறவர்களைப் பார்க்கிறேன். முதல் 8 கிலோமீட்டரில் தங்களைப் பெரிய ஓட்டக்காரர்களாக நினைத்துக்கொண்டு போவார்கள், திரும்பும் வழியில் பிளாக்பில் பக்கம் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். நானும் ஒரு தடவை அப்படிப் போனவள்தான்.

வழியில் சிங்கிள்டன் பூங்கா, பல்கலைக்கழகம், பிறகு பிளாக்பில். பிளாக்பிலில் குழந்தைகளுக்கான ஆழமில்லாத நீர்த்தொட்டி, விளையாட்டிடம், தேநீர், கழிப்பறை எல்லாம் ஒரே இடத்தில். குழந்தைகளோடு வரும் கணவரை உட்கார வைக்க நான்கு ஊர்களிலும் இதைவிட நல்ல இடம் கிடையாது. இங்கிருந்து கிளைன் பள்ளத்தாக்குக்குள் ஒரு சைக்கிள் பாதை பிரிந்து போகும். அதுவும் பழைய ரயில் தடம்தான். கடலில் காற்று தாங்கவில்லை என்றால் அதற்குள் நுழைந்து மரங்களுக்கு நடுவே மீதித் தூரத்தை ஓடிவிடலாம். இந்த மாற்று ஏற்பாடு இருக்கிற கடலோரப் பாதைகள் குறைவு.

மம்பிள்ஸில் ஐஸ்கிரீம் உண்டு. ஜோஸ் 1922இலிருந்து ஸ்வான்சீயில் ஐஸ்கிரீம் விற்கிறது. வெனிலா ஒன்று போதும், மற்ற வகைகளில் மயங்க வேண்டாம் என்பது என் கருத்து. 1898இல் கட்டிய இறங்குபாலம், அதற்கு அப்பால் தீவில் 1794இலிருந்து நிற்கும் கலங்கரை விளக்கம். கால் இன்னும் கேட்டால் மேட்டில் ஏறி பிரேஸ்லெட் விரிகுடா வழியாக லாங்லண்ட் வரை பாறையை ஒட்டிய பாதை போகிறது. அங்கே படியும் ஏற்றமும் உண்டு, பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு எடுக்கும் நேரம்) பார்த்து ஓடும் நாளில் போகாதீர்கள்.

சரி, குறை. முதலாவது, சைக்கிள். தேசிய சைக்கிள் வழிகளில் 4ஆம் எண் இதன் பெரும்பகுதி மேல்தான் போகிறது. வேலை நாள் காலையிலும் மாலையிலும் வேகமாக வருவார்கள், மணி அடிப்பவர்கள் பாதிப் பேர். காதில் பாட்டு வேண்டாம், அல்லது ஒரு காதில் மட்டும். இரண்டாவது, மணல். குளிர்காலக் காற்றில் மணல் பறந்து வந்து பாதைமேல் திட்டுத் திட்டாகக் கிடக்கும். மாநகராட்சி அள்ளுகிறது, கடல் மறுபடி போடுகிறது. மூன்றாவது கடலே. பிரிஸ்டல் கால்வாயின் ஏற்றவற்றம் உலகிலேயே பெரியவற்றில் ஒன்று. கடல் உள்வாங்கிய நேரத்தில் போனால் படத்தில் பார்த்த நீலம் இருக்காது, கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன் ஏற்றவற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு அது தேவையில்லை, படம் எடுப்பதற்குத் தேவை.

இன்னொரு விஷயம், சனிக்கிழமை காலை 9 மணிக்கு இந்தப் பாதையிலேயே பார்க்ரன் நடக்கிறது. 5 கிலோமீட்டர், இலவசம், ஒரு தடவை பதிவு செய்து பார்கோடு எடுத்து வந்தால் போதும். தனியாக ஓடப் பயப்படும் ஆளுக்கு அது நல்ல தொடக்கம். செப்டம்பரில் ஸ்வான்சீ விரிகுடா 10 கிலோமீட்டர் ஓட்டமும் மம்பிள்ஸ் சாலைப் பக்கமாகத்தான் போய் வருகிறது. தன் சிறந்த நேரத்தை இங்கே எடுத்ததாகச் சொல்லும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

## லான்டிட்னோ

பெயரை முதலில் பார்த்துவிடலாம். வெல்ஷில் எழுதும்போது இரண்டு எல் சேர்ந்து வரும் முதல் எழுத்து நம் ல இல்லை, ள இல்லை, ழவும் இல்லை. ல சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். ழகரத்தை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துத் தோற்ற இனம் நாம், நம்மை இந்த எழுத்து பழிவாங்குகிறது.

படத்தில் பார்ப்பது பொய்யில்லை. கிரேட் ஓர்ம், லிட்டில் ஓர்ம் என்ற இரண்டு சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே பிறை நிலா போல ஒரு விரிகுடா, அதை ஒட்டி வெளிர்நிற விக்டோரியா காலத்து விடுதிகள் ஒரே வரிசையில், முனையில் 1877இல் திறந்த இறங்குபாலம். 700 மீட்டர், வேல்ஸிலேயே நீளமானது. ப்ராம் அகலமானது, சமமானது. விரிகுடா வடக்கைப் பார்த்திருப்பதால் கச்சான் ஊருக்குப் பின்னாலிருந்து வந்து விடுதிகளில் மோதி நிற்கிறது. நான்கு ஊரிலும் ப்ராம் ஒதுக்கமாக இருப்பது இங்கேதான். வாடை அடிக்கிற நாளில் மட்டும் கதை மாறும், நேரே மூஞ்சியில்.

ஆனால் ப்ராம் 3 கிலோமீட்டர்தான். 16 கிலோமீட்டர் வேண்டுமென்றால் இரண்டரைத் தடவைக்கு மேல் போய் வர வேண்டும். அதனால் இங்கே வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கிரேட் ஓர்மைச் சுற்றும் மரீன் டிரைவுக்குத்தான் போகிறார்கள், அதைப் பற்றித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மரீன் டிரைவ் 1878இல் திறந்த சாலை. குன்றின் இடுப்பில் வெட்டியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தாழ்ந்த சுவர், அதற்குக் கீழே கடல். கார்களுக்குச் சுங்கம் உண்டு, நடப்பவர்களுக்கும் ஓடுபவர்களுக்கும் இல்லை. கார்கள் ஒரே திசையில், இறங்குபாலத்திலிருந்து குன்றைச் சுற்றி மேற்குக் கரைக்கு வருகின்றன. நடைமேடை இல்லாத இடங்கள் நிறைய, அதனால் கார் கிளம்பாத அதிகாலைதான் நேரம். முதல் பாதி விடாமல் ஏற்றம். செங்குத்து இல்லை, ஆனால் முடிவும் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் உச்சி வந்துவிட்டது என்று தோன்றும், வராது. ஏறும்போது குன்றே காற்றை மறைத்துக்கொள்ளும். சுற்றி மேற்கே திரும்பியதும் கச்சான் ஒரு அறை விடும் பாருங்கள், இறக்கத்திலும் நடக்க வைத்துவிடும். கான்வி ஆற்றின் கழிமுகமும் அதற்குப் பின்னால் ஸ்னோடோனியா மலைகளும் தெரிவது அந்த இடத்தில்தான். நான் காட்சிக்கு மதிப்பெண் போடவில்லை என்று சொன்னேன், அந்த ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் விதிவிலக்கு.

இறங்கினால் மேற்குக் கரை. அங்கிருந்து ஊருக்கு நடுவே நேராகப் போகும் கிளாடெத் அவென்யூவில் ஓடி வடக்கு ப்ராமுக்குத் திரும்பிவிடலாம். சுற்று சுமார் 9 கிலோமீட்டர். அதோடு ப்ராமில் ஒரு முறை போய்வந்தால் 15. அட்டவணைக்குக் கிட்டத்தட்ட வரும், ஆனால் பேஸ் வராது. மராத்தான் அட்டவணையில் மெதுவான லாங் ரன் என்று இருந்தால் போங்கள், குறிப்பிட்ட வேகத்தில் ஓட வேண்டிய நாளென்றால் ஓர்ம் உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும்.

ஆடுகள் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர்மில் காஷ்மீர் ஆடுகள் காட்டுத்தனமாகத் திரிகின்றன. 2020 ஊரடங்கில் ஊருக்குள் இறங்கி வேலிச் செடிகளை மேய்ந்தது உலகமெங்கும் செய்தியானது. ஓடும் நம்மைக் கண்டுகொள்ளாது. சாலை நடுவே நின்றால் நாம்தான் சுற்றிப் போக வேண்டும்.

கூட வந்தவர்களுக்கு இங்கே பொழுது போவது சுலபம். 1902இலிருந்து ஓடும் டிராம் குன்றின் உச்சிக்கு ஏற்றிச் செல்லும், இறங்குபாலத்தில் விளையாட்டுக் கடைகள். மறைந்த செலவு இந்த இடத்தில்தான் கூடும்: டிராம், இறங்குபாலக் கடைகள், கார் சுங்கம், ஒரு இரவு விடுதி. ஓட்டம் இலவசம், குடும்பம் இல்லை. லிவர்பூல், மான்செஸ்டர், செஸ்டர் பக்கம் இருப்பவர்கள் ஒரே நாளில் வந்து போகலாம், ரயிலும் ஊருக்குள்ளேயே வருகிறது. லண்டனிலிருந்தோ கார்டிஃபிலிருந்தோ வந்தால் தங்காமல் முடியாது.

## அபரிஸ்ட்வித்

எனக்கு மிகவும் பிடித்த ஊர் இது, ஆனால் லாங் ரன்னுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். இரண்டும் உண்மை.

ப்ராம் துறைமுகத்திலிருந்து கான்ஸ்டிடியூஷன் ஹில் அடிவாரம் வரை 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவே முதலாம் எட்வர்டு 1277இல் கட்டத் தொடங்கிய கோட்டையின் இடிபாடு, பழைய கல்லூரிக் கட்டடம், வேல்ஸின் முதல் இறங்குபாலம் (1865). வடக்கு முனைக்குப் போனதும் அங்கிருக்கும் இரும்புக் கம்பியைக் காலால் உதைத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது, ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஓட்டக்காரர்களுக்கு இது வசதி: ஒரு உதை, ஒரு சுற்று. கணக்கு தப்பாது.

காற்றுதான் பிரச்சினை. ஊர் நேராக மேற்கைப் பார்க்கிறது. வடக்கே ஓடினால் கச்சான் பின்னால், தெற்கே திரும்பினால் முன்னால், அதுவும் 2 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாறி மாறி. 16 கிலோமீட்டர் ஓடினால் நாலு தடவை அதே எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். உடம்பைவிட மனசுதான் முதலில் சோர்ந்துபோகும். 2014 ஜனவரி முதல் வாரத்தில் வந்த புயல் இந்த ப்ராமின் கற்களைப் பெயர்த்துப் போட்டது, கடலைப் பார்த்திருந்த மாணவர் விடுதிகளைக் காலி செய்ய வேண்டியிருந்தது, பழைய நிழற்குடையின் அடித்தளம் அரித்து ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவு இல்லாவிட்டாலும், ஒவ்வொரு குளிர்காலமும் அலை சுவரைத் தாண்டிக் கூழாங்கல்லை வாரிப் பாதைமேல் போடும். கணுக்கால் சுளுக்க அது போதும். கடல் ஏறியிருக்கும் நேரமும் பலத்த காற்றும் சேர்ந்து வந்தால் ப்ராமை மூடிவிடுவார்கள், தடுப்பைத் தாண்டிப் போய்ப் படம் எடுக்கிற ஆளாக இருக்காதீர்கள். ஊரின் பார்க்ரன் நடப்பது ப்ராமில் இல்லை, உள்ளே மரங்கள் வரிசை கட்டிய பிளாஸ்க்ரக் அவென்யூவில்.

பிறகு யாருக்கு இந்த ஊர்? மலை ஏறி ஓடப் பழகுகிறவர்களுக்கு. கம்பியை உதைத்துவிட்டுத் திரும்பாமல் அப்படியே கான்ஸ்டிடியூஷன் ஹில் மேல் ஏறுங்கள். 130 மீட்டர், வளைந்து வளைந்து போகும் பாதை. பக்கத்தில் 1896இல் தொடங்கிய கிளிஃப் ரயில் முனகிக்கொண்டே ஏறும், அதில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் பார்த்துக் கையசைப்பார்கள், அசைக்க நமக்குக் கை இருக்காது. உச்சியைத் தாண்டி கிளாரக் விரிகுடாவில் இறங்கி அதே வழியில் திரும்பினால் தொடைக்குள் ஒவ்வொரு தசையும் தன் பெயரைச் சொல்லும். தூரம் வேண்டும் ஆனால் மலை வேண்டாம் என்றால், மூடிப்போன பழைய ரயில் தடத்தில் ஆற்றங்கரையாகப் போகும் இஸ்ட்வித் டிரெயில் இருக்கிறது. அதில் கடல் இல்லை, காற்றும் இல்லை.

இன்னொரு காரணம், அக்டோபரிலிருந்து மார்ச் வரை பொழுது சாயும் நேரத்தில் இறங்குபாலத்துக்குக் கீழே இரவு தங்க வரும் ஸ்டார்லிங் பறவைகள். ஆயிரக்கணக்கில், புகை போல வானத்தில் சுருண்டு விரிந்து, கண் இமைப்பதற்குள் பாலத்துக்கடியில் போய்விடும். மாலை ஓட்டத்தை அந்த நேரத்தில் முடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் கீழே நிற்க வேண்டாம், காரணத்தை விளக்கமாக எழுதப்போவதில்லை.

போய்ச் சேருவது சிரமம். ரயில் கிழக்கிலிருந்து, ஷ்ரூஸ்பரி வழியாக மட்டுமே வருகிறது. பர்மிங்காமிலிருந்து 3 மணி நேரம். கார்மார்த்தனிலிருந்து வந்த தெற்கு வழி ரயில் 1965இல் போனது, திரும்பி வரவில்லை. கார்டிஃபிலிருந்து ரயிலில் வருவதென்றால் வேல்ஸை விட்டு வெளியேறி இங்கிலாந்துக்குள் போய் மறுபடி வேல்ஸுக்குள் வர வேண்டும். மகனைப் பார்க்க வரும் அந்த அப்பாவுக்கு இது பிரச்சினை இல்லை, எப்படியும் வரத்தான் போகிறார்.

## கார்டிஃப் விரிகுடாவும் பெனார்த்தும்

என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் அதிகம் ஓடுவது இங்கே. அதனாலேயே அதிகம் எழுதத் தோன்றவில்லை.

விரிகுடாவைச் சுற்றி 10 கிலோமீட்டர் பாதை. 1999இல் முடிந்த அணை கடலைத் தடுத்ததால் உள்ளே இருப்பது நன்னீர் ஏரி. அணைமேல் ஓடும் அந்த ஒரு கிலோமீட்டரில் மட்டும் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், உள்வாங்கிய நேரமென்றால் இரண்டு மாடி உயரத்துக்குக் கீழே. கடலோர ஓட்டம் என்று கண்டிப்பாகக் கேட்டால் இது முக்கால் ஏமாற்று. ஆனால் சுற்றுப் பாதை என்பதால் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கொஞ்ச நேரம்தான் எதிரே இருக்கும். கச்சான் நாளில் மில்லேனியம் சென்டர் கலையரங்கிலிருந்து மேற்கே கிளம்பி, டாஃப் ஆற்றைக் கடந்து, போன்ட் இ வெரின் பாலம் வழியாக பெனார்த் மரீனாவுக்குப் போய், அணையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடும். அக்டோபரில் நடக்கும் கார்டிஃப் ஹாஃப் மராத்தானும் இந்த அணையைக் கடக்கிறது, அதற்குப் பழகுகிறவர்கள் அந்த ஒரு கிலோமீட்டரையாவது முன்பே ஓடிப் பார்த்துவிடுவது நல்லது.

எதிர்பாராத செலவு இரண்டு. அணையின் முனையில் படகுகள் போகத் தூக்குப் பாலங்கள் இருக்கின்றன. பாலம் எழுந்துவிட்டால் கைக்கடிகாரத்தை நிறுத்திவிட்டு நிற்க வேண்டியதுதான். இன்னொன்று, வரைபடத்தைப் பார்த்து "அணையிலிருந்து பெனார்த் இறங்குபாலம் பக்கத்தில்தானே" என்று கிளம்புகிறவர்கள் நிறைய. நடுவே பெனார்த் ஹெட் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது, அதன் அடியில் பாதை கிடையாது. ஊருக்குள் ஒரு மேடு ஏறி மறுபக்கம் இறங்கித்தான் இறங்குபாலத்துக்குப் போக முடியும். அதையும் ஏறி, அங்கிருந்து பாறை விளிம்புப் பாதையில் லாவர்நாக் முனை வரை போனால் உண்மையான கடலோர ஓட்டம் கிடைக்கும். 1897இல் மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி முதன்முதலில் கடல் கடந்து வந்து சேர்ந்தது அந்த முனையில்தான். எதிரே தெரியும் ஃப்ளாட் ஹோம் தீவிலிருந்து அனுப்பியது.

புதிதாக வந்த அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது: வாரநாள் மாலைகளுக்கு இதுதான். விரிகுடாவின் கடை, உணவகப் பக்கம் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் கழிப்பறையும் உண்டு. அணைமேல் குளிர்கால இருட்டில் தனியாகப் போக நான் விரும்புவதில்லை, இன்னொருவர் கூட இருந்தால் சரி.

## இப்போது அந்தத் தங்கைக்கு

ஸ்வான்சீ. கோவிலிலிருந்து கார்மார்த்தன் வழியாக ஒரு மணி நேரச் சுமாரில் வந்துவிடலாம், லண்டன் திரும்பும் வழியிலேயே இருக்கிறது, 8 போய் 8 வந்தால் உன் 16 சரியாக முடிந்துவிடும். கோவிலுக்குப் போகும் முன் சில நாள் மீன், இறைச்சி, முட்டை தொடக் கூடாது என்பது அங்கே விதி. ஓடி முடித்து மம்பிள்ஸில் மீனும் சிப்ஸும் சாப்பிடும் ஆசை இருந்தால், முதலில் முருகன், பிறகு ஓட்டம் என்று வைத்துக்கொள். காற்று வடகிழக்கிலிருந்து வரும் என்று வானிலையில் போட்டிருந்தால் மட்டும் நான் சொன்னதைத் தலைகீழாக்கி மம்பிள்ஸிலிருந்து கிளம்பு.

லான்டிட்னோவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஹாஃப் மராத்தான் முடிந்த பிறகு, கடிகாரம் கட்டாமல், இரண்டு இரவு தங்குகிற மாதிரி போ.

ஒரே ஒரு எச்சரிக்கை. உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உனக்காகக் காரோடு மம்பிள்ஸில் காத்திருக்கும்படி ஏற்பாடு செய்யாதே, பிளாக்பிலோடு நிறுத்திவிடு. நான் ஒரு தடவை அப்படிச் செய்து, 8ஆவது கிலோமீட்டரில் எதிர்காற்றில் நனைந்துபோய், திறந்த கார்க் கதவையும் சின்னவள் நீட்டிய ஐஸ்கிரீமையும் பார்த்தேன். அன்றைக்கு என் அட்டவணையில் 16 என்று இருந்த இடத்தில் இன்றும் 8 என்றுதான் இருக்கிறது.